கப்பல்காரர் வீட்டம்மா

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. கேட்க வந்ததையே கேட்டுவிடுகிறேன். யார் அந்தக் கப்பல்காரன்?

என் வீட்டுக்காரர் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுவது உங்களுக்குத் தெரியும். போன வாரம் வேறொரு டிரைவர் வரவில்லை என்று இவரை அந்தப் பக்கம் அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் குடியிருக்கிற அந்தப் பெரிய கேட் போட்ட அடுக்குமாடிக்கே போயிருக்கிறார். போனதுதான் போனோம், ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோம் என்று கேட்டில் நிற்கிற செக்யூரிட்டியிடம் கேட்டாராம். "சட்டைக்குக் காஜா எடுக்கற கம்பெனிக்குப் போற அம்மா, டி பிளாக், எந்த வீடுங்க?"

அதற்கு அந்த ஆள், "யாரு, கப்பல்காரர் வீட்டம்மாவா? சார் கப்பல்ல இருக்காரு. வருஷத்துக்கு ஒரு வாட்டிதான் வருவாராம்" என்றானாம்.

இவர் மேலே வராமலே திரும்பிவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார்.

அண்ணன் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அதற்குள் உங்களுக்கு ஒரு கப்பல் வந்துவிட்டதா? நாமெல்லாம் ஒன்றாக இருந்த இந்த வீட்டை விட்டு நீங்கள் போனபோது, "எனக்கு மூச்சு முட்டுது, கம்பெனிக்குப் பக்கத்துல இருந்துக்கறேன்" என்று சொன்னீர்கள். மூச்சு முட்டுவதற்கு மருந்து கடல் காற்று என்று எனக்கு அப்போது தெரியாமல் போயிற்று.

நெருப்பில்லாமல் புகையாது அண்ணி. நெஞ்சு வலி என்று அண்ணன் சொன்னபோது வாயு என்று படுக்கவைத்தீர்களே, அதையே நான் இன்னும் விழுங்கவில்லை. அதற்குள் இது.

போன் செய்யாதீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் என் நாக்கு நிற்காது. எழுதினாலாவது நாலு வார்த்தை யோசித்து எழுதலாம். என் கடையில் ஆட்கள் வந்து நிற்கிறார்கள். பதில் போடுங்கள். போடாவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 16

சுண்டுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் படித்தது கொஞ்சம். நீ எழுதுகிற மாதிரி குத்தி எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன். நம்புவதும் நம்பாததும் உன் பாடு.

வீடு தேடி நான் ஏறி இறங்காத படி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கேள்விதான். "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" இறந்துவிட்டார் என்று சொல்வேன். ஐயோ பாவம் என்பார்கள். தண்ணீர்கூடக் கொடுப்பார்கள். பிறகு, "எங்க பையன் வர்றதா இருக்கான், வீடு எங்களுக்கே வேணும்" என்பார்கள். அடுத்த வாரம் அந்த வழியாகப் போனால் அதே வாசலில் 'வாடகைக்கு' பலகை தொங்கும்.

கம்பெனிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு அறையில் கொஞ்ச நாள் இருந்தேன். தனியாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள். சிலிண்டர் வேண்டுமா, கேபிள் வேண்டுமா என்று. கேபிள் கொடுக்கிறவன் முகம் எப்படி இருக்கும், கதவு திறக்குமா என்று பார்க்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாதா?

அதனால்தான் கேட் போட்ட இடம் வேண்டும் என்று தரகரிடம் சொன்னேன். கம்பெனி வேனும் இந்த கேட்டில்தான் நிற்கிறது. பின்பக்கத்து பிளாக்கில், குப்பைத் தொட்டி பார்த்த மாதிரி ஒற்றை அறை. யாரும் எடுக்காத வீடு. ஓனர் வேறு ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். அவர் கேட்டார், "வீட்டுக்காரர் என்ன பண்றார்?" நான் வாயைத் திறப்பதற்குள் தரகர், "கப்பல்ல இருக்கார் சார், வருஷத்துக்கு ஒரு தடவை வருவார்" என்று சொல்லிவிட்டார்.

லாரி ஓட்டின மனுஷனை ஒரே மூச்சில் கப்பலில் ஏற்றிவிட்டார். நான் பேசாமல் நின்றேன். அவ்வளவுதான் நான் செய்தது. பேசாமல் நின்றேன்.

வெளியே வந்து தரகரைத் திட்டினேன். "ஏம்மா, லாரின்னா எந்நேரமும் வந்து நிக்கலாம், ஏன் வரலைன்னு கேப்பாங்க. கப்பல்னா யாரும் கேக்க மாட்டாங்க. வாசல்ல ஒரு ஜோடி ஆம்பளைச் செருப்பு போட்டு வைங்க, போதும்" என்றார்.

உன் அண்ணன் செருப்பைத்தான் போட்டு வைத்தேன். வேறு யார் செருப்பு என்னிடம் இருக்கிறது?

கப்பல்காரனும் அவர்தான், லாரிக்காரரும் அவர்தான். போதுமா?

வாயு என்று சொன்னது அவர். நான் இல்லை. "ஒண்ணும் இல்ல, வாயுதான், கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று அவர் சொன்னபோது நீயும் அந்த அறையில்தான் இருந்தாய்.

அண்ணி


மார்ச் 2

அண்ணிக்கு,

என்னைச் சுண்டு என்று கூப்பிட ஒருத்தனுக்குத்தான் உரிமை இருந்தது. இனிமேல் அப்படி எழுதாதீர்கள்.

தரகர் சொன்னார், நான் பேசாமல் நின்றேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று இதைத்தான் சொல்வார்கள். பேசாமல் நிற்பது வேறு, வாசலில் செருப்பு வைப்பது வேறு. அந்தச் செருப்பை நான் வீடு முழுக்கத் தேடினேன் தெரியுமா? பரணில்கூட ஏறிப் பார்த்தேன்.

எனக்கு இன்னும் சந்தேகம் போகவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு லாரிக்காரன் பெண்டாட்டி என்று சொல்ல அந்த இடத்தில் வெட்கமாக இருந்திருக்கும். லிஃப்ட் இருக்கிற இடத்தில் லாரி எடுபடுமா?

அண்ணனைப் போய்க் கப்பலில்! குளத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கச் சொன்னால் கரையில் நின்று துணிமணிகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்பான். பாலத்தின் மேல் வண்டி போனால் ஜன்னலைச் சாத்திக்கொள்வான். அவனைக் கொண்டுபோய் வருஷக்கணக்காக நடுக்கடலில் நிறுத்தியிருக்கிறீர்கள். செத்தும் அவனுக்கு நிம்மதி இல்லை.

அவன் போன நாள் வருகிறது. அன்றைக்கு நான் அங்கே வருகிறேன். அவன் படம் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறதா என்று என் கண்ணால் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் நான் கொண்டுவந்து மாட்டிவிட்டுப் போகிறேன். யார் கேட்டாலும், இவன்தான் என் அண்ணன், போன வருஷம் செத்துப்போனான் என்று கேட்டிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவேன். மடியில் கனம் இல்லாதவர்களுக்கு வழியில் என்ன பயம்?

நாத்தனார்


மார்ச் 20

நாத்தனாருக்கு,

தயவுசெய்து வராதே. கெஞ்சிக் கேட்கிறேன். கொஞ்ச நாள் போகட்டும்.

இங்கே காற்று மாறிக் கிடக்கிறது. உன் வீட்டுக்காரர் வந்து போனதிலிருந்தா, அதற்கு முன்னாலிருந்தா தெரியவில்லை. அவர் செக்யூரிட்டியிடம் வேறு ஏதாவது சொன்னாரா? நன்றாகக் கேட்டு எழுது. வாய் பேசாத மனுஷர் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இப்போது எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் வருகிறது.

எதிர்வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார். பஞ்சு மாதிரி ஒரு நாய் வைத்திருக்கிறார். நாய்க்காரம்மா என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். நாய்க்கு மூக்கு எப்படியோ அந்த அம்மாவுக்கும் அப்படி. போன வாரம் லிஃப்டுக்கு நிற்கும்போது என் வாசலைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, கப்பலுக்குப் போறவர் செருப்பை விட்டுட்டா போவார்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். "வேற ஜோடி இருக்கு" என்றேன். "தூசி படிஞ்சிருக்கே, அதான் கேட்டேன்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தச் செருப்பைத் துடைத்துக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். ஒரு நாள் கதவுக்கு இந்தப் பக்கம், ஒரு நாள் அந்தப் பக்கம். அவர் நடந்து வந்து கழற்றிவிட்ட மாதிரி. இதெல்லாம் ஒரு பிழைப்பா?

அசோசியேஷன் செக்ரட்டரி ஒருத்தர் இருக்கிறார். எதற்கெடுத்தாலும் ரூல்ஸ் பேசுவதால் ரூல்ஸ் ஐயா என்று பெயர். அவர் கதவைத் தட்டி, தண்ணீர் கசிகிறதா பார்க்கவேண்டும் என்று உள்ளே வந்தார். குழாயைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்தார். துணி காய்கிற கொடியைப் பார்த்தார். கொடியில் எல்லாம் என் துணிதான். "சார் எந்தக் கம்பெனி கப்பல்?" என்றார். எனக்குத் தெரிந்த ஒரே கம்பெனி நான் வேலை செய்கிற கம்பெனி. யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனிக்குக் கப்பல் ஏது? "எனக்கு அதெல்லாம் தெரியாது சார், அவர் சொன்னதில்லை" என்றேன். "புருஷன் எங்க வேலை செய்யறார்னு தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் படம் சுவரில் இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். பீரோவுக்குள் துணிக்கு அடியில் இருக்கிறது. படத்தை வைத்துவிட்டு அழாமல் இருக்க எனக்குத் தெரியாது. இங்கே சுவர் அட்டை மாதிரி. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். கப்பல்காரர் வீட்டம்மா எதற்கு அழ வேண்டும்? குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவேன். தண்ணீர் அதிகம் செலவாகிறது என்று அதற்கும் ரூல்ஸ் ஐயா நோட்டீஸ் ஒட்டினார்.

லாரி என்று சொல்ல எனக்கு வெட்கமா? அவர் ஹாரன் சத்தத்தைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டு அடுப்பைப் பற்றவைத்தவள் நான். இன்றைக்கும் வெளியே ரோட்டில் லாரி போனால் காஜா மெஷினில் கை நின்றுவிடுகிறது. சூப்பர்வைசர் திட்டுகிறான். அதையெல்லாம் உன்னிடம் நிரூபிக்க எனக்குத் தெம்பு இல்லை.

நீ வந்து கேட்டில் நின்று அவர் செத்துவிட்டார் என்று சொன்னால் எனக்கு இந்த வீடு போய்விடும். எலி வளையானாலும் தனி வளை என்று இதற்குள் ஒடுங்கிக் கிடக்கிறேன். திரும்பக் கதவைத் தட்டுகிறவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் தெருவில் இருக்க முடியாது. வராதே.

அண்ணி


ஏப்ரல் 12

அண்ணிக்கு,

வராதே என்று எழுதியிருந்தீர்கள். அதனாலேயே வந்தேன். வராதே என்றால் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? நேற்று வந்துவிட்டுப் போனேன். உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். என் வாயாலும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வந்து இறங்கினேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் என்ன பேசவேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன். கேட்டில் அந்த செக்யூரிட்டி மறித்தான். யார், எந்த வீடு, என்ன விஷயம், எல்லாம் கேட்டான். உங்கள் வீட்டுக்கு இன்டர்காமில் கூப்பிட்டான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆள் இல்லை. "வேலைக்குப் போயிருப்பாங்க. அவங்க சொல்லாம உள்ள விட முடியாதும்மா" என்றான். அந்த நாளில்கூட வேலைக்குப் போய்விட்டீர்களா என்று எனக்குத் தலைக்கு மேல் கோபம்.

"பையில என்ன?" என்றான். படத்தை எடுத்துக் காட்டினேன். இதோ பார், இவன்தான், செத்துப்போனவன் என்று சொல்லத்தான் எடுத்தேன்.

அவன் படத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். "அடடே, இவர்தான் சாரா! எத்தனை நாளா மனசுல ஒரு உருவம் வெச்சிருக்கேன், இவ்வளவு சின்ன வயசா இருப்பார்னு நினைக்கலை. நல்ல சிரிச்ச முகம். எப்போம்மா வர்றார்?" என்றான்.

அண்ணி, ஒரு வருஷமாக அவனைப் பற்றி என்னிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. எப்படிச் செத்தான் என்று கேட்டிருக்கிறார்கள். எப்போது வருகிறான் என்று யாரும் கேட்கவில்லை.

"அடுத்த மாசம் வர்றான்" என்றேன்.

என் வாயா சொன்னது என்று எனக்கே தெரியவில்லை. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டான். உட்கார்ந்தேன். கேட்கக் கேட்கச் சொன்னேன். அண்ணன் வந்தால் என்னென்ன வாங்கிக்கொண்டு வருவான், வாசலில் நின்று எப்படிச் சத்தம் போட்டுக் கூப்பிடுவான், என்னை எப்படிக் கேலி செய்வான். அவ்வளவும் நிஜம். கப்பல் மட்டும்தான் பொய். லாரி என்று வரவேண்டிய இடத்தில் கப்பல் என்று போட்டுக்கொண்டேன். கண்ணாடி போட்ட ஒருத்தர் வந்து, "சாரோட தங்கச்சியா? ரொம்ப நல்லது. விசாரிச்சதா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளை நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். செக்யூரிட்டி அவரிடம், "கப்பல்காரர் தங்கச்சிம்மா, சார் அடுத்த மாசம் வர்றாராம்" என்றான். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "உங்க அண்ணன் நல்லா இருக்காரா?" என்று இழுத்து இழுத்துக் கேட்டார். "அவனுக்கென்ன, ராஜா மாதிரி இருக்கான்" என்றேன். அவர் வாயைப் பிளந்தபடி நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். என்ன பெண்பிள்ளையோ!

படத்தை உங்களிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னம்மா என்னம்மா என்று கேட்கிற அளவுக்கு அழுதேன்.

உங்களைக் கேள்வி கேட்க வந்தவள் நான். ஆனால் அந்தக் கேட்டில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அண்ணன் உயிரோடு இருந்தான். நீங்கள் ஏன் பேசாமல் நின்றீர்கள் என்று எனக்கு இப்போது கொஞ்சம் தெரிகிற மாதிரி இருக்கிறது. முழுக்க இல்லை, கொஞ்சம்.

எப்படியோ, உங்கள் வீட்டுக்கு என்னால் ஆபத்து இல்லை. நிம்மதியாக இருங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 15

அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய்!

நிம்மதியாக இருங்கள் என்று எழுதியிருக்கிறாய். நிம்மதியைக் கேட்டோடு சேர்த்துப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

அன்றைக்குக் காலையில் லிஃப்டில் நாய்க்காரம்மாவும் நானும் மட்டும். "என்னம்மா முகம் வீங்கியிருக்கு?" என்று அவர் கேட்டார். எத்தனையோ நாள் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார், ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அன்றைக்கு முடியவில்லை. "அவர் கப்பல்ல இல்லம்மா. செத்துட்டார். போன வருஷம் இதே நாள்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். நாய்கூடக் குரைக்கவில்லை. "நீ எதுக்கும் பயப்படாதே, ஓனர்கிட்ட நானே பேசறேன்" என்றார். சொன்னபிறகு வீட்டில் உட்கார முடியவில்லை. அதனால்தான் வேலைக்குப் போனேன். மனசு லேசாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு காஜாகூடக் கோணாமல் விழுந்தது.

சாயந்திரம் வேனிலிருந்து இறங்கினால் செக்யூரிட்டி படத்தை நீட்டி, "சார் அடுத்த மாசம் வர்றாராமே!" என்கிறான்.

நாய்க்காரம்மா கதவைத் திறக்கவில்லை. உள்ளே இருந்துகொண்டே, "காலைல செத்தவர் சாயந்திரம் ராஜா மாதிரி இருக்காராமே. என்கிட்ட ஏன்மா நடிச்சே?" என்றார். அவர் அழுததை நான் கேலி செய்துவிட்டதாக நினைக்கிறார்.

அதோடு நிற்கவில்லை. மறுநாள் ரூல்ஸ் ஐயா வந்தார். நான் இறப்புச் சான்றிதழைக் காட்டினேன். அதோடு நம்பிக்கைக்காக இருக்கட்டும் என்று அவர் படம் ஒட்டின லாரி கம்பெனி அட்டையையும் சேர்த்துக் காட்டினேன். அதுதான் நான் செய்த மடத்தனம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "சரிம்மா, லாரி டிரைவர் இறந்துட்டார், ஒத்துக்கறேன். கப்பல்ல இருக்கறவர் எங்கே?" என்றார்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். "அது ரெண்டும் ஒரே ஆளுங்க சார்" என்றேன். "அப்போ தங்கச்சின்னு வந்தவங்க ஏன் உயிரோட இருக்கார்னு சொல்றாங்க? படம் வேணும்னா யார் படத்தையும் ஒட்டலாம்" என்கிறார். இப்போது பிளாக் முழுக்க எனக்கு இரண்டு புருஷன். ஒருத்தர் லாரி, செத்துவிட்டார். ஒருத்தர் கப்பல், வரப்போகிறார். கப்பல்காரருக்குத் தெரியாமல் லாரிக்காரரா, லாரிக்காரருக்குத் தெரியாமல் கப்பல்காரரா என்றுதான் படிக்கட்டில் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

முதலில் நீ கேட்ட அதே கேள்வி. உனக்குப் பதில் எழுதினேன். இவர்களுக்கு யார் எழுதுவது?

வருகிற இருபத்தாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் கேட்டுக்குப் பக்கத்து ஹாலில் உட்கார்ந்து பேசப்போகிறார்கள். ஓனரும் வருகிறார். என் பக்கத்திலிருந்து யாராவது வந்து சரியாகச் சொல்லாவிட்டால் காலி செய்யவேண்டும். சொல்லக்கூடிய ஆள் எனக்கு நீ ஒருத்திதான். பொய் சொன்னவள் வந்துதான் அதை எடுக்கவேண்டும்.

படத்தைச் சுவரில் மாட்டிவிட்டேன். இனி ஒளித்து என்ன?

அண்ணி


ஏப்ரல் 19

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். அவன் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். ஒரு பெண்டாட்டியைக் காப்பாற்றவே நாக்குத் தள்ளிப்போனவன் அவன், இப்போது அவளுக்கு இரண்டு புருஷன், இரண்டும் அவனே.

பிறகு சிரிப்பு வரவில்லை.

அத்தனை பேர் முன்னால் வந்து நின்று நான் பொய்க்காரி என்று ஒத்துக்கொள்ளவேண்டும். அதுகூடப் பரவாயில்லை. கடையில் இருக்கிறவள், நாலு பேர் பேச்சு கேட்டுப் பழக்கம்தான். அங்கே உட்கார்ந்து அவனை உயிரோடு ஆக்கினேன். இனி அதே இடத்தில் நின்று திரும்பவும் அவனைக் கொல்லவேண்டும். அதற்கு எனக்கு நாக்கு எழும்புமா என்று தெரியவில்லை. இரண்டு நாளாகக் கடையில் யாரும் இல்லாதபோது சொல்லிப் பார்க்கிறேன். பாதியில் நின்றுவிடுகிறது.

வருகிறேன். வருவேனா என்று சந்தேகப்படாதீர்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். மேலே உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். உங்களுக்கும் எனக்கும் இருக்கிற கணக்கு வேறு. அது தீரவில்லை. நானும் அந்த அறையில்தான் இருந்தேன் என்று எழுதினீர்களே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 28

நாத்தனாருக்கு,

சொன்னமாதிரியே வந்தாய். சொன்னமாதிரியே மேலே வராமல் போய்விட்டாய். கேட்டுக்கு வெளியே ஓடிவந்து பார்த்தேன், பஸ் நகர்ந்துவிட்டது.

நீ பேசியதை உனக்கே எழுதவேண்டியதில்லை. ஆனால் நீ அவர்கள் பக்கம் பார்த்து நின்றாய். என்னைப் பார்க்கவில்லை. நான் உனக்குப் பின்னால் இருந்தேன். "ஒரே ஆள்தாங்க. லாரி ஓட்டினவனும் அவன்தான், கப்பல்ல போனவனும் அவன்தான். என் அண்ணன். செத்துட்டான். கப்பல்ல ஏத்தினது தரகர். இறக்கிவிட எங்க ரெண்டு பேருக்கும் மனசு வரலை" என்று நீ சொன்னபோது உன் முந்தானை நுனி உன் கையில் கயிறு மாதிரி முறுக்கிக்கிடந்தது. ரூல்ஸ் ஐயா விடாமல், "அப்போ அன்னிக்கு ஏன்மா அடுத்த மாசம் வர்றான்னு சொன்னீங்க?" என்று கேட்டார். "ஆசையா இருந்துச்சு" என்றாய். ரூல்ஸ் ஐயா கையிலிருந்த நோட்டை மூடிவிட்டார்.

ஒரு வருஷமாக உன் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போயிற்று. மீதியை எடுத்து வைத்திருக்கிறேன். அது உன்னிடம் நேரில் தீர்த்துக்கொள்ளவேண்டியது.

நீ போனபிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அன்றைக்குச் சாயந்திரம் கதவைத் தட்டினார்கள். தட்டுகிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் சங்கிலியை மாட்டிவிட்டுத்தான் திறப்பேன். திறந்தால் நாய்க்காரம்மா. நாயை விட்டுவிட்டு வந்திருந்தார். பின்னால் கீழ்வீட்டுப் பெண், அவள் மாமியார். உள்ளே வந்து படத்துக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்கள். துக்கம் கேட்க வந்திருக்கிறார்கள். செத்து ஒரு வருஷம் கழித்து! நான் குழாயைத் திறக்காமல் அழுதேன். சுவர் தாண்டிக் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஆனால் எல்லாரும் நம்பிவிட்டார்கள் என்று நினைக்காதே. கீழ்வீட்டு மாமியார் எழுந்து போகும்போது, "அப்போ கப்பல்ல யாருமே இல்லையா?" என்று மெல்லக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

நேற்று ஓனர் வந்தார். ஹாலில் ஓரமாக உட்கார்ந்திருந்தாரே, அந்த நரைத்த மீசைக்காரர் அவர்தான். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பொய் சொன்னதுக்காக நான் காலி பண்ணச் சொல்லலைம்மா. அந்தக் கேள்வியை நான் கேட்டதாலதானே அந்தப் பொய். ஆனா தனியா இருக்கறவங்களுக்கு வாடகைக்கு விட எனக்குப் பயம். நான் இருக்கிறது எங்கேயோ. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடறது? கதவு திறக்கலைன்னு செக்யூரிட்டி போன் பண்ணினா நான் யாருக்குச் சொல்றது? உங்களுக்குன்னு வந்து போற ஆள் யாராவது இருக்காங்களா? இருந்தா இருங்க. இல்லைன்னா வேற இடம் பாத்துக்கங்க" என்றார்.

தரகர் பக்கத்தில் இல்லை. இந்தமுறை நானே வாயைத் திறந்தேன்.

"இருக்காங்க சார். என் நாத்தனார். நேத்து பேசினாளே, அவதான். மாசா மாசம் வருவா. வந்தா தங்கிட்டுத்தான் போவா" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். "இதுவாவது நிஜமாம்மா?" என்றார்.

நிஜம் என்று சொல்லிவிட்டேன். அது நிஜமா, இல்லை நான் சொன்ன இரண்டாவது பொய்யா என்று எனக்குத் தெரியாது. அதை நீதான் வந்து சொல்லவேண்டும்.

அண்ணி